தொப்பியில் செருகிய சீட்டு

என் குறட்டைக்காரனுக்கு,

மூன்று வசந்தமாக நம்மை ஏமாற்றிய அந்தக் கோணல்தாடிக் காட்டு வான்கோழிச் சேவல், இன்று காலை ஹிக்கரி மரத்தடியில் என் முன்னால் வந்து நின்றது! பருவத்துக்கு ஆளுக்கு இரண்டு சேவல்தான் சுடலாம்; சுட்டதன் காலில் அவரவர் வேட்டைச் சீட்டைக் கட்ட வேண்டும். என் இரண்டும் போன வாரமே முடிந்துவிட்டது. பக்கத்திலிருந்த உன் தம்பி வெர்லின், "சுடுங்க அண்ணி! அண்ணனோட வேட்டைச் சீட்டு சும்மாதானே கிடக்கு? அதைக் கால்ல கட்டிட்டா யாருக்குத் தெரியும்?" என்று கிசுகிசுத்தான்.

"அவரு என்ன, செத்தா போயிட்டாரு?"

நான் கத்திய கத்தலில் சேவல் பறந்தே போய்விட்டது. வெர்லின் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

டாக்டர் வியாழக்கிழமை உன்னை வீட்டுக்கு அனுப்புகிறாராம். பருவம் ஞாயிறு வரை இருக்கிறது. உன் சீட்டைத் தொப்பியில் செருகி வைத்திருக்கிறேன். நீ மெதுவாக நடந்து வந்தால் போதும்; பெட்டைபோல் கூவி அவனை நான் வரவழைக்கிறேன்.

இப்படிக்கு,
குறட்டை கேட்காமல் தூக்கம் வராதவள்