பல் முறிந்த சிலந்தி

அம்மாவுக்கு வேஸ்னா வணங்கி எழுதுவது. நான் நலம். எண்ணெய் தெறித்த உன் கை ஆறிவிட்டதா?

பாங்காக்கில் நான் வேலை பார்க்கும் வளர்ப்புப் பிராணிக் கடைக்கு நேற்று ஒரு பெண் வந்து, வளர்க்க எந்தச் சிலந்தி நல்லது என்று கேட்டாள். நீலச் சிலந்தி ரொம்ப முரடு என்று சொல்லி, நம் ஊர்க் கறுப்புச் சிலந்தியைக் காட்டினேன்.

"இதத்தானேடா உங்க ஊர்ல வறுத்துத் திங்கிறாங்க?" என்றார் முதலாளி.

"சீ, எங்க வீட்ல தொடக்கூட மாட்டோம்ணே."

பெட்டியைத் திறந்ததும் சிலந்தி பாய்ந்து ஓடியது. வறுக்கும் முன் நீ செய்வதுபோலவே, என் விரல்கள் அதை முதுகோடு பிடித்து, நகத்தால் விஷப்பல்லை முறித்துவிட்டன.

"தொடவே மாட்டோம்னீங்க?" என்றாள் அவள். தலை நிமிர முடியவில்லை, அம்மா.

விற்க முடியாத சிலந்தி இப்போது என் அறையில் இருக்கிறது. பல் இல்லாமல் எதைத் தின்னும்? உடனே எழுது. சட்டிக்குப் போகாத சிலந்தியை நீ வளர்த்ததில்லைதான். ஆனாலும் வேறு யாரிடம் கேட்பேன்?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் வேஸ்னா