அபாயப் பலகையும் என் மேக்ரோவும்

அன்புள்ள அம்மாவுக்கு, தாயில்பட்டியில் நீங்களும் அப்பாவும் சுகம்தானே? விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

வகுப்பு மதிப்பெண்களைத் தானாகவே கூட்டித் தரும்படி, பள்ளிக் கம்ப்யூட்டர் லேபின் பழைய எக்செல்லில் கட்டளைகள் எழுதி வைத்தேன். அதற்கு மேக்ரோ என்று பெயர். அலுவலகத்துக்குப் புது எக்செல் வந்திருக்கிறது. லேபுக்குப் பொறுப்பான கனகமணி டீச்சர் அதில் என் ஃபைலைத் திறந்தார். மேக்ரோ ஓடவில்லை, பாதுகாப்பு எச்சரிக்கைதான் வந்தது.

"ஏ புள்ள, வைரஸை ஏத்திப்புட்டியா?" என்றார்.

"இல்ல டீச்சர். பழைய வெர்ஷன்ல எழுதுனது. ஓட விடவான்னு புதுசு கேக்குது, அம்புட்டுத்தான்."

"வாயாடாத. உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் லேப் பக்கம் தலை காட்டாத."

உங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலிலும்தான் 'அபாயம்' என்று பலகை இருக்கிறது. அதற்காக உள்ளே போகிற உங்களைத் தீ வைக்க வந்தவர் என்றா சொல்கிறார்கள்? எனக்கு மனசு ஆறவே இல்லை.

தீபாவளி சீசனில் உங்களுக்கு லீவு கிடைக்காது. அதனால் வர வேண்டாம். லேப் நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒருவேளை வந்தால், தேங்காய் எண்ணெயும், போர்த்திக்கொள்ள நீங்கள் உடுத்திய பழைய சேலை ஒன்றும் கொண்டு வாருங்கள். அந்தப் பலகையைப் பற்றி டீச்சரிடம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
பாண்டிச்செல்வி

வார்டன் விளக்கை அணைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வர முடியுமா அம்மா?