காலையில் திருத்தும் எண்

மார்ச் 4

காலையில் போனதும் வழக்கம்போல் எண்ணைத் திருத்தினேன். நேற்றைய கடைசி பேட்ச் பசை ஆறுவதற்கு ரொம்ப நேரம் எடுத்திருக்கிறது. ரியாக்டரைச் சுற்றியிருக்கும் குளிர்நீர் ஜாக்கெட்டில் உப்பு மேலும் படிந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் குறைத்துப் போட்டேன். அப்புறம்தான் காப்பி.

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததுதான் மிச்சம்.

அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டுமாம். அத்தானுக்கு ஏதோ நல்ல செய்தியாம்.

மார்ச் 7, ஞாயிறு

நல்ல செய்தி என்னவென்று தெரிந்துவிட்டது.

என் மாடலை அத்தான் தன் பெயரில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். என் மாடலை! இரண்டு வருஷமாக நான் கட்டியது. கணினிக்குள் ஓடும் இன்னொரு ரியாக்டர் அது. நிஜ ரியாக்டருக்கு ஒரு எட்டு முன்னால் ஓடி, பசை கொதித்துப் பொங்குவதற்கு முன்பே சூடு எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிடும். அதைக் கேட்டுக் குளிர்நீர் வால்வு தானாகத் திறக்கும், தானாக மூடும். அதில் ஒரு சமன்பாடு, ஒன்றே ஒன்று, அவர் எழுதியது உண்டா? பிரிவுத் தலைவர் என்ற முறையில் என் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதுதான் அவர் செய்த உதவி.

சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்கிறார்: "நம்ம மாடலை அனுப்பினேன்மா. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

நம்ம! அனுப்பிய அறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, நானே பார்த்தேன். எங்கே என் பெயர் என்று கேட்டேன். அவர் தண்ணீர் குடித்தார். அக்காதான் பதில் சொன்னாள்: "அவர் பேர்ல இருந்தா என்னடி, உன் பேர்ல இருந்தா என்ன? குடும்பத்துக்குள்ளதானே! வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான், மறந்துடாதே."

வாயில் சாப்பாடு இருந்தது. மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப சந்தோஷம் அத்தான்" என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு பாத்திரத்தைச் சுவரில் எறிந்தேன். நல்ல பாத்திரம், அதுவும் நசுங்கிப்போச்சு.

மார்ச் 8

எண்ணைத் திருத்தவில்லை.

மார்ச் 9

இன்றும் திருத்தவில்லை. ஏன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன், நாளைக்கு மனசாட்சி வந்து கேட்டால் பதில் வேண்டும் இல்லையா?

ஜாக்கெட் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழுக்கும் என்பதுதான் அந்த எண். உப்புப் படியப் படிய இழுவை குறையும். அதை மாடலுக்கு யாராவது சொல்ல வேண்டும். தினமும் காலையில் முந்தின பேட்ச் ஆறிய விதத்தைப் பார்த்து நான் சொல்லிவந்தேன். காலையில் கணினியில் என்ன பண்ணுகிறாய் என்று அத்தான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்காத ஆள் அனுப்பிய அறிக்கையில் அது எப்படி இருக்கும்?

சொல்லாவிட்டால், நான் கடைசியாகத் திருத்திய அன்று இருந்தபடியே ஜாக்கெட் இருக்கிறது என்று மாடல் நம்பிக்கொண்டிருக்கும். தண்ணீரைத் தாமதமாகத் திறக்கும். சூடு ஏறும். எல்லை தாண்டினால் ரியாக்டருக்கு மேலே இருக்கும் தொட்டியிலிருந்து அணைப்பு மருந்து தானாக உள்ளே இறங்கி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அது தனி ஏற்பாடு, என் மாடலை நம்பி அது இல்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பேட்ச் பசை கெட்டியாகிக் குப்பைக்குப் போகும். அத்தானின் மூக்கு உடையும்.

நான் எதையும் கெடுக்கவில்லை. செய்துகொண்டிருந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான். யாருடைய மாடலோ அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மார்ச் 15

ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 22

இன்னும் ஒன்றும் ஆகவில்லை! பேட்ச் மேல் பேட்ச் நன்றாக வருகிறது. அறிவிப்புப் பலகையில் அத்தானின் படம் வேறு. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் போகாமல் சுற்றி வளைத்துக் கேண்டீனுக்குப் போகிறேன். வயிறு எரிகிறது. நான் கணக்கில் எங்கே தப்பு பண்ணினேன்?

மார்ச் 24

கணக்கில் தப்பு இல்லை. மத்தியானம் கன்ட்ரோல் ரூமுக்குப் போனபோது தெரிந்தது.

பகல் ஷிப்டில் இருப்பவரை எல்லோரும் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்மூடி இருந்தார். திரையில் வால்வுக்குப் பக்கத்தில் ‘மேனுவல்’ என்று இருந்தது. மேனுவல்! மாடலையே கழற்றிவிட்டு, கையால் வால்வைப் பாதி திறந்து வைத்திருக்கிறார். எழுப்பிக் கேட்டேன்.

"ஆட்டோல போட்டா இப்பல்லாம் வால்வு தடக் தடக்குன்னு திறந்து திறந்து மூடுது மேடம். ஒரு நிமிஷம் கண்ணசர முடியலை. பாதி திறந்து வெச்சுட்டா நிம்மதி. பேட்ச் கொஞ்சம் லேட்டாகும், ஆனா வந்துடும்."

"அறிக்கையில ஆட்டோன்னு எழுதியிருக்கீங்களே?"

"அப்படி எழுதினாத்தான் சார் சந்தோஷப்படுறாரு. மத்த ஷிப்டுலயும் அதான் பண்றாங்க. சார்கிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நான் எதுக்குச் சொல்றேன்? நல்லாத் தூங்குங்க."

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். ஒருத்தர் தூக்கத்தால் இன்னொருத்தருக்குப் பேரும் புகழும்! சிரித்து முடித்தபிறகு அழுகை வந்தது.

ஏப்ரல் 2

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மாவே வருகிறாராம், 20ஆம் தேதி. ஒரு முழு பேட்ச் ஆட்டோவில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். திருப்தியாக இருந்தால் எல்லாத் தொழிற்சாலைகளிலும் இதைப் போடுவார்கள், அத்தான் தலைமை அலுவலகத்துக்கே போய்விடுவார்.

இயக்குநர் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது தூங்குமூஞ்சி மேனுவலைத் தொட முடியுமா? வரட்டும். நல்லா வரட்டும்.

ஏப்ரல் 11, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

புது ஊர் வீட்டுக்குத் திரைச்சீலை தைக்கத் துணி வாங்கி வைத்திருக்கிறாள். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "ஏன்டி இப்படி இளைச்சுட்டே? சாப்பிடறியா இல்லையா?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் மனசு தண்ணீராகிவிட்டது. எண்ணைத் திருத்திவிடலாமா? போனால் போகிறது, அவளாவது நன்றாக இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

அப்போது மாடி வீட்டுக்காரர் வந்தார். அத்தான் அவரிடம் என்னைக் காட்டி, "இவளும் அந்த மாடல்ல எனக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணினா. டைப் அடிக்கிறது, அது இது" என்றார்.

டைப் அடிக்கிறது!

நாடாவை விட்டுவிட்டேன். சுருண்டுகொண்டு போய் அக்கா விரலில் அடித்தது. பரவாயில்லை.

ஏப்ரல் 19

சாயங்காலம் அத்தான் என் இடத்துக்கே வந்தார். இப்படி அவர் வந்ததே கிடையாது. "நாளைக்கு எல்லாம் சரியா இருக்கும்ல? நீ ஏதாவது பாக்கணுமாம்மா?"

"உங்க மாடல் அத்தான். உங்களுக்குத் தெரியாததா?"

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. கேட்கவில்லை.

அவர் போனதும் ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினேன். அணைப்பு மருந்துத் தொட்டி நிறைய இருக்கிறதா, வால்வு தானாகத் திறக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். திறந்தது. மறுபடியும் பார்த்தேன். அத்தானைப் பழிவாங்க வேண்டும், உண்மை. அதற்காகத் தூங்குமூஞ்சியின் ஒரு மயிருக்கும் சேதம் வரக்கூடாது.

ஏப்ரல் 20

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

இயக்குநர் அம்மா குட்டையான ஆள், அதிகம் பேசவில்லை. அத்தான் பேசிக்கொண்டே இருந்தார். "இப்ப பாருங்க மேடம், சூடு ஏறுறதுக்கு முன்னாடியே இது கண்டுபிடிச்சிடும்." கண்டுபிடிக்கவில்லை. வால்வு தடக்கென்று திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. திரையில் கோடு மேலே மேலே போனது. தூங்குமூஞ்சியின் விரல் தன்பாட்டுக்கு மேனுவல் பக்கம் நகர்ந்தது. "கையை எடுய்யா! ஆட்டோ பாத்துக்கும்" என்று அத்தான் அதட்டினார். அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அலாரம் அடித்தது. மேலே மருந்து இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ரியாக்டரின் கலக்கி முனகிக்கொண்டே நின்றது. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சுன்னு யார் சொல்லப் போறீங்க?" என்றார் இயக்குநர் அம்மா.

அத்தான் என்னைப் பார்த்தார். "உண்மையைச் சொல்லணும்னா மேடம்... இதை முழுக்கச் செஞ்சது இவதான். ஒவ்வொரு சமன்பாடும் இவளோடது. நான் மேல கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

பேட்ச் கெட்டதும் மாடலைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டார்! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அடப்பாவி மனுஷா, என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா? தொழிற்சாலை மேலாளர், இயக்குநர், கூட வந்த நாலு பேர், எல்லோர் காதிலும் விழுந்தாயிற்று. குறிப்பெடுக்கிறவர் எழுதியும் ஆயிற்று.

"ஆமா மேடம். என்னோடதுதான்" என்றேன். எண்ணைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"என் மாடல் இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம். அதான் தொடலை."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏமாறுகிற ஆள் இல்லை. "ரியாக்டரைக் கழுவி எடுக்க எவ்வளவு நாளாகும்? நான் இருந்து பாத்துட்டே போறேன்" என்றார்.

ஏப்ரல் 23

காலையில் எண்ணைத் திருத்தினேன். ஆட்டோவில் போட்டோம். வால்வு பூனை நடக்கிற மாதிரி சத்தமில்லாமல் திறந்தது, மூடியது. கோடு வரைந்து வைத்தது போலவே போனது. நடுவில் இயக்குநர் அம்மா மெல்ல என் முழங்கையைத் தொட்டு முன்னால் காட்டினார். அவருக்கு எதிரிலேயே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, தூங்குமூஞ்சி தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதீங்க. எனக்கு இது போதும்" என்றார் அந்த அம்மா.

மே 6

ஒரே உறையில் இரண்டு கடிதங்கள். தெரிந்தும் சொல்லாமல் இருந்ததற்கு எச்சரிக்கை ஒன்று. எல்லாத் தொழிற்சாலைகளிலும் இதைப் போடும் பொறுப்பு எனக்கு என்று இன்னொன்று. இரண்டுக்கும் நான் தகுதியானவள்தான்.

அத்தானைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. தூரத்தில் இருக்கும் பழைய தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இந்த மாடலை ஓட்டுவது அவர் வேலை. என் கீழே.

அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 9

எட்டு மணி ஆனால் போன் வந்துவிடும். "நேத்து பேட்ச் ஆறின விவரம் அனுப்பியிருக்கேன்மா. இன்னைக்கு எண் என்ன?" என்பார் அத்தான். பார்த்துச் சொல்வேன். மற்ற தொழிற்சாலைகளில் யாரும் கூப்பிடுவதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் கற்றுக்கொள்ளலாம். அத்தானுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்றைக்கு அக்கா வந்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து, தனியாக. இளைத்திருக்கிறாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அவருக்கும் அதைச் சொல்லிக் குடுத்துடேன்டி" என்றாள். "ஆபீசே கேக்கற மாதிரி தினமும் உன்கிட்ட கெஞ்ச வேண்டியிருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லைடி அந்த மனுஷன்."

இதற்காகத்தானே காத்திருந்தேன்? சொல்வதற்கு வேறு எத்தனையோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்.

"என்கிட்ட இருந்தா என்னக்கா, அவர்கிட்ட இருந்தா என்ன? குடும்பத்துக்குள்ளதானே."

அக்கா டம்ளரை மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். காப்பியில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆறிப்போனதை நான்தான் குடித்தேன்.