வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடு

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிற உடம்போடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என் ஒரே வேண்டுதல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உதட்டைச் சுழிப்பாய். போனில் நீ கிடைப்பது வண்டி ஓட்டும்போது மட்டும்தானே. கடிதம் என்றால் ஒரு இடத்தில் உட்கார்ந்து படிப்பாய் என்று எழுதுகிறேன். இதையும் காரில் வைத்துப் படித்துத் தொலைக்காதே.

நீ இங்கிருந்து போன புதிதில் வீட்டிலிருந்து பேசுவாய், அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து காட்டுவாய். வேலை பெரிதாகப் பெரிதாக எங்களுக்கான நேரம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நீ ஆபீஸ் போகும் வழியில் வந்து நின்றுவிட்டது. நீயாகச் சொல்லவில்லை, நானாகத்தான் கண்டுபிடித்தேன். திரும்புவதற்கு விளக்குப் போட்டால் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது உன் பேச்சுக்கு நடுவே வந்துகொண்டே இருக்கும். கேட்டதற்கு, "போன் கையில இல்லம்மா, வண்டியிலேயே பேசுது, ரெண்டு கையும் ஸ்டீயரிங்லதான் இருக்கு" என்று எனக்கே பாடம் எடுத்தாய். கை இருக்கிறது சரி, கவனம் எங்கே இருக்கிறது? உலகத்தில் எல்லோரும் நெரிசலைத் திட்டுவார்கள், உன் அப்பா ஒருவர்தான் "இன்னைக்கு அங்க டிராஃபிக் ஜாஸ்தி போல, நல்லா பேசுறா" என்று சந்தோஷப்படுவார். ஆபீஸ் வாசல் வந்ததும் "சரிம்மா, வந்துட்டேன், வைக்கிறேன்" என்று பாதி வார்த்தையில் வெட்டிவிடுவாய். உன் சித்தி மகளின் கல்யாணப் பேச்சு முறிந்த கதையை உனக்கு நான் துண்டு துண்டாகத்தான் சொல்லி முடித்தேன். விடுமுறை நாளில் உன் போன் வராது. வீட்டில் இருக்கிற நாளில் பெற்றவர்கள் ஞாபகம் எதற்கு!

போன வாரத்துக்கு வருகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வருகிறாயா என்று கேட்டேன். நீ "லீவு கேட்டுப் பாக்கணும்மா, மேனேஜர் என்ன சொல்வாரோ" என்று இழுத்தாய். அடுத்து டமார் என்று ஒரு சத்தம், நீ "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கத்தினாய், லைன் போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அப்பாவும் கேட்டார். கையிலிருந்த டீ மடியில் கொட்டியதுகூட அவருக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப உன்னைக் கூப்பிட்டேன், மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், அவரும் எடுக்கவில்லை, மீட்டிங்காம். இருட்டின பிறகுதான் உன் மெசேஜ் வந்தது, "ஒண்ணும் இல்லம்மா, முன்னாடி வண்டில லேசா இடிச்சிட்டேன், பம்பர்தான் போச்சு" என்று. பம்பர்தான் போச்சாம். இங்கே இரண்டு பேருக்கு உயிர் போய்விட்டு வந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிவப்பு விளக்கில் சும்மா நின்றிருந்த வண்டி உன் கண்ணில் படவில்லை என்றால் நீ ரோட்டைப் பார்க்கவில்லை, எங்களுக்கு என்ன சாக்குச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு இனிப் பதில் வேண்டாம். அப்பாவை ஆபரேஷனுக்கு நானே வண்டியில் கூட்டிப் போவேன், நானே கூட்டி வருவேன்.

அதற்குப் பிறகு நீ பெரிய ரோட்டுப் பக்கமே போவதில்லை, சந்து சந்தாகச் சுற்றிப் போகிறாய், பின்னால் ஹாரன் கேட்டால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். "அவளுக்கு டிரைவிங் சரிப்பட்டு வராது அத்தை" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சை உன் அப்பாவிடம் கேட்டுக் காது புளித்தவள் நான். அவருக்குக் கண் மங்கின பிறகுதானே நான் ஸ்டீயரிங்கைத் தொட்டேன். பார்வை தெரியாத மனிதர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத லாரிக்கெல்லாம் "பிரேக்கு, பிரேக்கு" என்று அலறுவார். ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி, "ஒண்ணு பின்னாடி உக்காருங்க, இல்ல நடந்து வாங்க" என்றேன். அன்றிலிருந்துதான் எனக்கு ஓட்ட வந்தது. மாப்பிள்ளையையும் கொஞ்ச நாள் பின்சீட்டில் போடு. விடுமுறை நாள் காலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்போது தனியாகக் கிளம்பு. சீட்டையும் கண்ணாடிகளையும் சரிசெய்யாமல் வண்டியைக் கிளப்பாதே, போனை அணைத்துக் கைப்பையில் போட்டு கைப்பையைப் பின்னால் வை. முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் நடுவே தாராளமாக இடம் விடு, எவனாவது அதில் நுழைந்தால் நுழையட்டும், மறுபடியும் விடு. ஹாரன் அடிக்கிறவனுக்கு அவசரம் என்றால் அது அவன் பாடு. பதற்றம் வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்து, தண்ணீர் குடி, கொஞ்சம் பிந்திப் போனால் குடி முழுகிவிடாது. இடித்த அந்த சிக்னலையே போய்த் தாண்டு, சுற்றிச் சுற்றிப் போனால் அந்த இடம் மனதில் பூதமாக வளர்ந்துவிடும். உனக்கு நன்றாக ஓட்டத் தெரியும், ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யத்தான் தெரியவில்லை.

இவ்வளவு பட்டும் முந்தாநாள் நீ கூப்பிட்டபோது பழையபடி அதே டிக் டிக். அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "வண்டி நிக்குதான்னு கேளு, நிக்குதான்னு கேளு" என்கிறார். நீ "சந்துலதாம்மா, மெதுவாத்தான் போறேன்" என்று சிரிக்கிறாய். நான் வைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டிருப்பாய், கோபித்துக்கொள். இனி அந்த நேரத்தில் போன் அடித்தால் நான் எடுக்கப் போவதில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடு. நிறுத்திய பிறகு எங்களுக்கென்று உன்னிடம் நேரம் இல்லையென்றால் கூப்பிடாதே. பிள்ளையின் குரலைக் கேட்காமலேயே எத்தனையோ பெற்றவர்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், நாங்களும் பழகிக்கொள்வோம். அந்த டமாரை இன்னொரு தடவை கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

நீ நூறு ஆயுசு நன்றாக இருக்க வேண்டும், போகிற இடமெல்லாம் முழுசாகப் போய் முழுசாக வீடு திரும்ப வேண்டும். பம்பரை மாற்றினால் மட்டும் போதாது, பிரேக்கையும் மெக்கானிக்கிடம் காட்டு, மறக்காதே. கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "என்ன வேணா எழுது, போன் அடிச்சா மட்டும் எடுத்துரு" என்கிறார். அவருக்கு ஒரு நாளில் உன்னோடு பேசுகிற அந்தப் பேச்சை விட்டால் வேறு ஒன்றும் இல்லை, அதனால் நான் வற்புறுத்தவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா மட்டும்.