என் பேரில் போன 'எக்ஸைட்டட்'

கோபிசெட்டிபாளையம்
19.8.2025

அன்புள்ள ரித்திகா கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் முடிகிறது. ஆடி நோம்பிக்கு வந்துவிட்டுக் கோயமுத்தூர் போனவள் பதினஞ்சு நாளாக என் போனை எடுக்கவில்லை. அதனால்தான் காகிதம்.

நீ குளிக்கப் போனபோது உன் போனைத் திறந்தது தப்புத்தான். மனோஜ்குமார் தம்பி 'ஆவணியில நிச்சயத்தை வெச்சுக்கலாங்கறாங்க, எக்ஸைட்டடா?' என்று கேட்டு இரண்டு நாளாகியும் நீ பதில் போடவில்லை. நல்ல சம்பந்தம் கை நழுவிவிடுமோ என்று நான்தான் 'எக்ஸைட்டட்' என்று தட்டி அனுப்பினேன். நீ எதற்குத்தான் அந்த வார்த்தையைப் போடவில்லை? கம்பெனியில் நாற்காலி மாற்றினாலும் எக்ஸைட்டட். இதற்கு மட்டும் ஆகாதா?

அவர்கள் அதையே சம்மதமாக எடுத்து, ஆவணி பதினஞ்சு ஞாயிற்றுக்கிழமை உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்வது என்று குறித்துவிட்டார்கள். உப்பும் சக்கரையும் கைமாறிவிட்டால் அப்புறம் நம் பக்கம் பேச்சு மாற முடியாது. சனிக்கிழமையே வந்துவிடு.

அன்புடன்,
அப்பா

கோயமுத்தூர்
22.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்பெனியில் அந்த வார்த்தையைப் போடாவிட்டால் மேனேஜர் கூப்பிட்டு 'எதும் பிரச்சினையா?' என்பார். அதற்காகப் போடுவது. கும்பிடு போடுகிற மாதிரி.

நிஜமாக அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்ன அன்றைக்கு, நீங்கள் எழுவதற்கு முன்பே, சாப்பிடாமல்கூட வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேனே, அதுதான்.

மனோஜ்குமார் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கவும் மனசு வரவில்லை. பதில் போடாத அந்த இரண்டு நாள்தான் என் பதில். என் பேரில் போன வார்த்தையை நீங்களே போய்த் திருப்பி வாங்குங்கள்.

ரித்திகா

கோபிசெட்டிபாளையம்
25.8.2025

ரித்திகாவுக்கு,

முப்பது வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. என்னைக் கட்டும்போது உன் அம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் வாழவில்லையா? நீ வராவிட்டால் நான் ஊருக்குள் தலை நிமிர முடியாது.

அங்கப்பன்

கோயமுத்தூர்
27.8.2025

அப்பாவுக்கு,

அம்மாவிடம் போனில் கேட்டேன். 'என்னைக் கேட்டிருந்தா ரெண்டு நாளென்ன, ரெண்டு மாசம் யோசிச்சிருப்பேன் கண்ணு' என்றார்கள். நான் வரமாட்டேன்.

ரித்திகா

கோபிசெட்டிபாளையம்
29.8.2025

அன்புள்ள கண்ணுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். 'நான் சொன்னதுதானுங்க' என்றாள். அப்புறம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை அவர்கள் வீட்டுக்குப் போய், "அதை எழுதுனது நானுங்க, புள்ளை இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். பையனுடைய அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கொண்டுவந்து வைத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்தேன்.

தம்பிதான் வாசல்வரை வந்தான். "அது அவிங்க எழுதுன மாதிரி எனக்கும் தெரியலைங்க மாமா. திருப்பிக் கேக்கப் பயமா இருந்துச்சுங்க" என்றான்.

எனக்கும் அதே பயம்தான் கண்ணு. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் கேட்காமல் தட்டினேன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த உன் சித்தப்பன் வீட்டில் இனி என்னோடு பேச்சு இல்லையாம். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. வா என்று சொல்ல மாட்டேன். வருவதானால் ஒரு வார்த்தை சொல். காலையில் சாப்பிடாமல்கூட வண்டியை எடுத்து வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன் அப்பா,
அங்கப்பன்