பூசக்கூடாத சுவர்

மார்ச் 4
எங்கள் வீட்டுச் சுவர் விரிசலின் குறுக்கே நான் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு இன்று உடைந்திருந்தது. சுவர் நகர்ந்தால் முதலில் கண்ணாடி உடையும். மண்ணியல் படித்ததில் வீட்டுக்குப் பயன்பட்டது இது ஒன்றுதான். பக்கத்து மனையில் அடித்தளத்துக்குத் தோண்டி நாலு வருடம்; அப்போது விழுந்த விரிசல். வருடா வருடம் அந்தக் கட்டடக்காரர் கொத்தனாரை அனுப்பிப் பூசிவிடுகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவர் சிமெண்டில் மறைக்கிறார்.

மார்ச் 9
செய்தித்தாளில் சட்டத் திருத்தம். சிவில் வழக்குப் போட ஆறு வருடம் இருந்ததை மூன்றாக்கப் போகிறார்களாம். நிறைவேறிவிட்டால் என் சுவருக்குக் கேட்க நாதியில்லை. வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். "சட்டம் வர்றதுக்குள்ள போட்டுட்டா தப்பிச்சுடும். ஆனா வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. உங்க அண்ணனும் கையெழுத்துப் போடணும்."

மார்ச் 10
மாடியில் குடியிருக்கும் அண்ணனிடம் கையெழுத்துக் கேட்டேன்: "அவர் நல்ல மனுஷன்மா. கூப்பிட்டா உடனே ஆள் அனுப்புறாரே!"
நல்ல மனுஷன்தான். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வருடம் வாங்கிக்கொண்ட நல்ல மனுஷன்.

மார்ச் 21
திருத்தம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம். நாலு பேர் முன் பேசிப் பழக்கமில்லை. கட்டுமானச் சங்கத்துக்காரர், "பழசை எத்தனை காலம் கிளறுவாங்க?" என்றார். எழுந்துவிட்டேன்.
"பழசு இல்லைங்க. இந்த மாசமும் நகர்ந்திருக்கு. உங்க கெடுவைப் பார்த்துச் சுவர் நிக்காது."
தலைவர் மணியடித்தார். "நேரம் முடிஞ்சுதும்மா."
"அதைத்தானே சட்டமாவும் போடப் போறீங்க?"
பின்வரிசையில் சிரிப்பு. மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமலே முடித்தேன்.

மார்ச் 24
அண்ணனின் படுக்கையறைக் கதவு சாத்த வரவில்லை. "தச்சரைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லணும்" என்றான்.
"அண்ணே, கதவு சரியாத்தான் இருக்கு. வீடுதான் கோணுது."
வெகுநேரம் கதவையே தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு பேனா கேட்டான்.

ஏப்ரல் 2
வழக்குக்கு எண் கொடுத்துவிட்டார்கள். திருத்தம் அடுத்த மாதம் வாக்கெடுப்புக்கு வருகிறதாம். வரட்டுமே.

ஏப்ரல் 5
காலையில் கொத்தனார், சாந்துச் சட்டியோடு. "முதலாளி பூசிட்டு வரச் சொன்னாருங்க."
நான் வாய் திறக்குமுன் மாடிப்படியிலிருந்து அண்ணன் குரல்: "சுவத்துல கை வைக்காதப்பா. அது கோர்ட்டுக்குப் போயிருக்கு."
கொத்தனாருக்கு வழக்கம்போல் தேநீர் கொடுத்தேன். அவர் போனதும் புதுக் கண்ணாடித் துண்டை ஒட்டினேன். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.