பத்தாவது ஆள்

4 தை 1997, சனி

நான் கூட்டித் துடைக்கிற மண்டபத்தைத் திறந்து, வழிபாட்டுக்கு வாடகைக்கு எடுத்தவர்களுக்குக் கதிரைகளை அடுக்கிக் கொடுத்தேன். யூத ஆட்கள் ஆணும் பெண்ணும் கலந்து இருந்தே வழிபடுகிறார்கள். பழைய வேண்டுதலில் பாட்டன்மார் பெயர் மட்டும்தானாம். இவர்கள் சாராள், ரெபேக்காள் என்று பாட்டிமாரையும் சேர்த்து, புத்தகத்தைத் தாங்களே போட்டோக்கொப்பி அடித்து வைத்திருக்கிறார்கள். முன்னோர் எழுதினதில் கை வைக்க இவர்கள் யார்? நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். இங்கிலீசும் தேவாரமும் நானாகப் படித்தவை. தேவாரத்தில் ஒரு சொல்லை மாற்றியிருப்பேனா?

மார்லீன் என்பவள் வாராவாரம் எழும்பி, செத்த தகப்பனுக்கான வேண்டுதலைச் சொல்கிறாள். அந்த மனிதருக்கு ஆண்பிள்ளை இல்லையாம்.

எங்களுக்கும்தான் இல்லை.

11 தை

மகள் சிவானி இன்றும் போன் எடுத்துக் கதைக்கவில்லை. போன மாசியில் இவர் செத்தபோது, தானே கொள்ளி வைப்பேன் என்று நின்றாள். "ஒரே பிள்ளை நான். பெரியப்பான்ர மகன் பிரவீனனுக்கு இருக்கிற உரிமை எனக்கில்லையோ?"

"அவன் ஆம்பிளை" என்றேன். கொள்ளியை அவன்தான் வைத்தான். சொன்னது சொன்னதுதான்.

25 தை, சனி

பனிப்புயல். ஒன்பது பேர்தான் வந்தார்கள். பத்துப் பேர் இல்லாமல் மார்லீன் தகப்பனுக்குச் சொல்ல முடியாது. முன்பு பத்து ஆண்கள் வேண்டுமாம். இவர்கள் பெண்களையும் எண்ணுகிறார்கள். மார்லீன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சாத்திவிட்டுப் போய் அவர்களோடு நின்றேன். மார்லீன் என் கையைப் பிடித்தாள். "நன்றி. ஆனால் யூதர்களைத்தான் எண்ணலாம்."

வேண்டுதலைச் சொல்லாமலே கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

பொம்பிளையை எண்ணுவினமாம், என்னை எண்ணமாட்டினமாம். நல்ல சமத்துவம். நான் ஏன் போய் நின்றனான்? ஆர் கேட்டது?

1 மாசி

நாளை இவருக்கு வருசம் முடிந்து ஆட்டத்திவசம். கிரியை செய்யப் பிரவீனன் ஒஷாவாவிலிருந்து வருவான். சிவானியின் போன் மெசினிலும் சொல்லி வைத்தேன்.

2 மாசி, ஞாயிறு

ஐயர் வந்து எல்லாம் பரப்பிவிட்டார். சிவானி வந்து, கோட்டைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். அப்போதுதான் பிரவீனன் போன் எடுத்தான். "சித்தி, வேலைக்குக் கூப்பிட்டிட்டாங்கள். ஐயரை வேற நாள் பாக்கச் சொல்லுங்கோ."

வேறு நாளாம். திதி இவனுக்காக நிற்குமா?

ஐயர் மெதுவாகச் சொன்னார்: "மகள் நிக்கிறாதானே அம்மா. நீங்கள் சொன்னால் அவவைக் கிரியைக்கு இருத்திறன்."

"கோட்டைக் கழட்டு" என்றேன் சிவானியிடம்.

"ஆள் இல்லாட்டித்தான் நான் உங்களுக்குப் பிள்ளையோ?"

நான் பலகையை இழுத்துப் போட்டேன். தகப்பனின் படத்தைப் பார்த்தாள். பிறகு வந்து இருந்தாள். ஐயர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குப் போட்ட இலையில் சோறு அப்படியே கிடக்கிறது.

பிரவீனனுக்குப் போன் எடுத்து, அடுத்த வருசம் வரத் தேவையில்லை என்று சொன்னேன்.